வாசலில் ஊற்றாத ஆரத்தி

ஓணம் முடிந்து வந்த திங்கட்கிழமையிலிருந்து மாயம்மாள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆள் எங்கும் போய்விடவில்லை. குரல் இருந்தது, இருமல் இருந்தது, நடக்கும்போது இடது முழங்காலில் எழும் சொடக்கு இருந்தது. உடுத்திய புடவை உடம்போடு சேர்ந்து மறைந்தது. கையில் எடுக்கும் பொருள் மட்டும் மறையவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக்குப் பின்னால், சரக்குக் கிட்டங்கிகளின் முதுகுச் சுவரை ஒட்டிய லைன் வீடுகளில் அன்று காலை பொதுக்குழாயில் தண்ணீர் வந்தபோது, ஒரு பச்சைக் குடம் இடுப்பு உயரத்தில் மிதந்து வந்து வரிசையில் நின்றது. முன்னால் நின்ற அடுத்த வீட்டுக் கற்பகம் திரும்பிப் பார்த்தாள்.

"யாருடி அது, ஆளில்லாம கொடத்த மட்டும் அனுப்புறது?"

"கண்ணு அவிஞ்சுபோச்சா ஒனக்கு? நாந்தான் நிக்கிறேன்."

"எங்க நிக்கிற?"

"ஒன் மூஞ்சிக்கு நேரா."

கற்பகம் கையை நீட்டித் துழாவினாள். முதலில் ஒரு தோள் அகப்பட்டது, பிறகு மூக்குத்தி. "மாயம்மா, நீ தெரியலடி" என்றாள். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும், ஆச்சரியப்படுவதற்கு அது போதாது. கற்பகம் தன் குடத்தை நிறைத்துக்கொண்டு ஒதுங்க, பச்சைக் குடம் முன்னால் போய்க் குழாயடியில் உட்கார்ந்தது.

இது ஒரே நாளில் நடந்ததல்ல என்று பிறகு எல்லோருக்கும் நினைவு வந்தது. இரண்டு மாதமாகவே ஆட்டோக்கள் மாயம்மாளுக்கு நிற்காமல் போயின. மீன்காரர் அவளைத் தாண்டிப் பின்னால் நின்றவளிடம் விலை சொன்னார். படகுத் துறையில் ஒருவர் அவள் மடிமீதே உட்காரப் போனார். வயசானால் அப்படித்தான், யார் பார்க்கிறார்கள் என்று மாயம்மாள் சிரித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

அவள் மகள் ஸ்வர்ணலதா நுண்கலைக் கல்லூரியில் கடைசி வருடம் படித்தாள். மலையாளத்தில் படித்து வளர்ந்தவள். தமிழைப் பேசத் தெரியும், வாசிக்கும்போது எழுத்தெழுத்தாகக் கூட்ட வேண்டும். லைன் வீடுகளிலிருந்து படம் வரையப் படிக்கப் போன முதல் பெண் அவள்தான் என்பதால், அங்கே யாருக்கும் அவள் என்ன படிக்கிறாள் என்று தெரியாது. ஸ்டுடியோ வைப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அவளுக்கோ கடைக்காரர்கள் எடுப்பது போன்ற படம் எடுக்கப் பிடிக்கவில்லை. ரசாயனம் இல்லாமல், இடத்தில் கிடைப்பதைக் கொண்டே ஒரு முகத்தைத் துணியில் இறக்க முடியுமா என்று ஒரு வருடம் பார்த்தாள். செம்பருத்திச் சாறு ஒரு வாரத்தில் சாம்பலானது. தேக்கிலைச் சாறு நன்றாகப் பிடித்தது, ஆனால் முகம் பிணத்தின் நிறத்தில் வந்தது. பீட்ரூட் பூசிய துணியை எலி தின்றது. கடைசியில் கிடைத்தது வீட்டிலேயே இருந்தது. மாயம்மாள் மஞ்சள் கிட்டங்கியில் வேலை செய்தவள். விரலி மஞ்சளையும் குண்டு மஞ்சளையும் தரம் பிரித்துச் சாக்கில் போடுவது அவள் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண்ணிமை வரை மஞ்சளாக இருப்பாள்.

முறை எளிமையானது. மஞ்சளைக் கரைத்துக் காடாத் துணியில் பூசி இருட்டில் உலர்த்த வேண்டும். படத்தை எறணாகுளம் பிராட்வேயில் ஒரு கடையில் கண்ணாடித் தாளில் அச்சடித்து வந்து துணிமேல் பரப்பி, மொட்டைமாடி வெயிலில் நாள்கணக்கில் வைக்க வேண்டும். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் செத்துவிடும். படத்தின் கருமை மறைத்த இடத்தில் உயிரோடு இருக்கும். பிறகு துணிமேல் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தால், உயிரோடிருக்கும் மஞ்சள் எல்லாம் நொடியில் சிவந்து முகமாக எழுந்து வரும். அப்படி வந்த துண்டுகளை ஸ்வர்ணலதா கோணி ஊசியும் சணலும் கொண்டு பழைய மஞ்சள் சாக்கின்மேல் தைத்தாள். இடையிடையே விரலி மஞ்சளையும், தரம் பிரிக்கும் பெண்கள் விரலில் சுற்றிக்கொள்ளும் துணிக்கிழிசல்களையும் வைத்துத் தைத்தாள். இப்படி ஓர் ஆள் உயரத்துக்கு மாயம்மாள், சாக்கு அடுக்கின்மேல் உட்கார்ந்து நேராகப் பார்க்கிற மாதிரி, உருவாகி வந்தாள்.

படம் எடுக்க உட்கார்ந்தபோதே மாயம்மாள் ஒரு நிபந்தனை வைத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் அது என்ன என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்தாலும், பெண்ணும் மாப்பிள்ளையும் படியேறினாலும் தட்டில் கரைத்து முகத்துக்கு முன்னால் சுற்றுகிற தண்ணீர் அது. பார்த்தவர் கண்ணெல்லாம் அந்தச் சிவப்பில் இறங்கிவிடும். அதனால்தான் சுற்றியதும் வாசலில் ஊற்றிவிடுகிறார்கள். வீட்டுக்குள் வைத்துக்கொண்டவர் யாரும் இல்லை.

"ஆரத்திய எம் மூஞ்சியாவே செஞ்சு வைக்கிற" என்றாள். "செரி, படிப்புக்காகன்ற. மார்க்கு போட்டதும் தண்ணியில கரைச்சு வாசல்ல ஊத்திரணும். வெளியூரு, வெளியாளுன்னு கொண்டுபோகக் கூடாது. எந்தலையில கை வச்சுச் சொல்லு."

ஸ்வர்ணலதா கை வைத்துச் சொன்னாள். சொன்னபோது உண்மையாகவே சொன்னாள்.

அவளோடு படித்தவள் மதுவந்தி. மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பின்னால் நான்கு தலைமுறையாக இருக்கிற பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், அப்பா ஆடிட்டர். முழு வகுப்பில் தமிழ் பேசியவர்கள் இவர்கள் இருவர்தான் என்பதால் முதல் நாளே ஒட்டிக்கொண்டார்கள். ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். மதுவந்தி லைன் வீட்டுக்கு வந்து, மாயம்மாளின் கருவாட்டுக் குழம்பை, என் அம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, விரலைச் சூப்பிச் சாப்பிட்டாள். மொட்டைமாடியில் துணிக்குக் காவலாக, காக்கை வராமல் குடை பிடித்து உட்கார்ந்தாள். ஸ்வர்ணலதாவுக்கு எழுத வராது. வேலையைப் பற்றிக் கல்லூரி கேட்ட இரண்டு பக்கக் குறிப்பை மதுவந்திதான் ஆங்கிலத்தில் எழுதினாள். அதை அவள் படித்துக் காட்டியபோது ஸ்வர்ணலதாவுக்குத் தன் துணியே புதிதாகத் தெரிந்தது. தனக்குச் சொல்லத் தெரியாததை ஒருத்தி சொல்லித் தருகிறாள் என்று நினைத்தாள். இதைவிடப் பெரிய நட்பு அவளுக்குத் தெரியாது.

கல்லூரியில் அந்த வேலைக்கு முதல் இடம் கிடைத்தது. துணி வீட்டுக்கு வந்த அன்றே மதுவந்தியும் வந்தாள். எறணாகுளத்தில் நீர்க்கரையோரம் ஒரு பழைய கட்டிடத்தில் பெரிய காட்சி நடக்கப்போகிறது, வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள், துணியை அனுப்பலாம் என்றாள். ஸ்வர்ணலதா சத்தியத்தைச் சொன்னாள். மதுவந்தி சிரிக்கவில்லை, அதுதான் அவள் திறமை. "நீ ஊத்தறதுன்னா ஊத்து, நான் நிர்பந்திக்கலே. ஆனா இதுக்கப்புறம் உன்னால இதே மாதிரி ஒண்ணு பண்ண முடியுமா, அதை மட்டும் ஆலோசிச்சுப் பாரு" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஸ்வர்ணலதா பழைய சோதனைத் துண்டுகள் சிலவற்றை ஒரு வாளியில் கசக்கி, கூடக் கொஞ்சம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து, மாயம்மாள் வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்து வாசலில் ஊற்றினாள். சிவப்புத் தண்ணீர் சந்தின் நடுவே ஓடியது. மாயம்மாள் அதை மிதிக்காமல் நின்று, அது ஓடி முடிகிறவரை கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு நல்ல வேலையை முடித்த மகளுக்கு அன்று இரவு கோழி அடித்தாள். துணி அப்போது மதுவந்தி வீட்டில், பாயில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

காட்சி இரண்டு மாதம் நடந்தது. வேலை இருக்கிறது, உள்ளே இன்னும் தயாராகவில்லை, திறப்பு விழா பெரிய ஆட்களுக்கு மட்டும் என்று, ஸ்வர்ணலதாவை அங்கே அழைத்துப் போகாததற்கு ஏதாவது ஒரு காரணம் மதுவந்தியிடம் இருந்தது. ஓணத்துக்கு முந்தைய நாள், யாரிடமும் சொல்லாமல் ஸ்வர்ணலதா படகு ஏறிப் போனாள். உள்ளே ஒரு நீண்ட அறையின் கடைசிச் சுவரில் அம்மா உட்கார்ந்திருந்தாள். விளக்கின் கீழ் அவள் முகம் ஊரில் யாரும் பார்த்திராத அளவுக்குத் தெளிவாக இருந்தது. பார்த்தவர் பார்வையெல்லாம் ஏறி ஏறிச் சிவப்பு கெட்டிப்பட்டிருந்தது. சனங்கள் அதன்முன் நின்று பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்துப் பலகையில் மதுவந்தியின் பெயர் பெரிதாக இருந்தது. அடியில், சின்ன எழுத்தில், உள்ளூர் உதவி ஸ்வர்ணலதா என்று இருந்தது. துணியில் இருக்கிறவள் பெயர் எங்கும் இல்லை. ஒரு பொட்டு, சிவப்பு நிறத்தில், பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. வேலை விற்றுப்போனதற்கு அடையாளம் அது என்று காவல்காரர் சொன்னார்.

மதுவந்தி பின்கட்டில் யாரோடோ சாயா குடித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்தாள்.

"எம் பேரு எங்க?"

"இருக்கே, கீழ. கேட்டியா ஸ்வர்ணா, காட்சி நடத்தறவா ஒரு ஆர்ட்டிஸ்டுன்னுதான் கேட்டா. ரெண்டு பேர் வெச்சா எடுக்க மாட்டாளாக்கும். எழுதினது நான்தானே? அந்த எழுத்து இல்லேன்னா இது வெறும் மஞ்சத் துணி."

"அது எங்கம்மாடி."

"சப்ஜெக்ட் உங்கம்மாதான். நான் இல்லேன்னா சொன்னேன்?"

பதில் சொல்ல ஸ்வர்ணலதாவிடம் இருந்த வார்த்தைகள் பெரும்பாலும் எதிரில் நின்றவள் கொடுத்தவை. கையை விடுவித்துக்கொண்டு வந்து, திரும்புகிற படகில் ஓரமாக நின்றாள். காயல் தண்ணீரைப் பார்த்தாளே தவிர அது கண்ணில் படவில்லை. வீட்டில் அம்மா பூ கோத்துக்கொண்டிருந்தாள். விளக்கு மங்கலாக இருக்கிறது என்று ஸ்வர்ணலதா நினைத்தாள். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.

காட்சி முடிந்து, ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை துணியை இறக்கிக் கறுப்புத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்து ஆணியடித்தார்கள். மறுநாள் குழாயடியில் நடந்ததை முதலிலேயே சொல்லியாகிவிட்டது. கல்யாணப் படத்தில் மாயம்மாளின் கணவர் சங்கிலிப்பாண்டி மட்டும் மாலையோடு தனியாக நின்றார். ஸ்வர்ணலதாவின் போனில் அம்மா உட்கார்ந்த படத்தில் சாக்கு அடுக்கு மட்டும் இருந்தது. சங்கிலிப்பாண்டி வைட்டிலாவில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர், செவ்வாய்க்கிழமைதான் வீட்டுக்கு வருவார். வந்தவர் விஷயத்தைக் கேட்டு, வீட்டின் நடுவில் நின்று, "இருக்கியா?" என்றார். "இருக்கேன்" என்றது குரல். "அப்ப ஒரு சாயா போடு" என்று உட்கார்ந்தார். டம்ளர் காற்றில் வந்து எதிரில் நின்றபோது அதை வாங்காமல் கொஞ்ச நேரம் அழுதார், பிறகு குடித்தார்.

கற்பகம்தான் அதைக் கேட்டாள். கேட்க நினைத்துக் கேட்கவில்லை, சும்மா வாய்க்கு வந்தது. "கண்ணு பட்டுத்தான் இப்படி ஆகியிருக்கு. அன்னைக்கு வாசல்ல அம்புட்டுச் செவப்பா ஊத்துனீங்களே, அப்பவும் எப்படிப் பட்டுச்சு?" என்றாள்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறம் தரைக்கு வந்தது.

"அன்னைக்கு நீ ஊத்துனது எது?" என்று மாயம்மாள் கேட்டாள்.

ஸ்வர்ணலதா சொன்னாள். துணியை, பாயை, கட்டிலை, பலகையை, சிவப்புப் பொட்டை, எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தெரியாததால் முறத்தைப் பார்த்துச் சொன்னாள். மதுவந்தி செய்ததைச் சொல்லும்போது அழுதாள். யாரும் தலையைத் தடவவில்லை. கற்பகம் மெதுவாக எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். வெளியே ஒரு லாரி பின்னால் நகர்ந்து பாட்டுப் பாடி ஓய்ந்தது. பிறகு மாயம்மாள் பேசினாள்.

"நாந் தெரியாம போனது பெரிசில்ல. அந்தத் தண்ணிய நான் கும்பிட்டேன்டி."

பரிகாரம் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. துணியைக் கரைத்து ஊற்ற வேண்டும். அல்லது குறைந்தபட்சம் வெயிலில் போட்டுவிட வேண்டும். மஞ்சளில் இறக்கிய படம் வெளிச்சத்தில் தானாகவே வெளிறும். ஒரு கோடை போதும், முகம் துணியிலிருந்து கழன்று உடையவளிடம் வந்துவிடும். ஸ்வர்ணலதா மதுவந்தி வீட்டுக்குப் போனாள். கோபத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனாள். பெயர் வேண்டாம், பலகை வேண்டாம், துணியை ஒரு கோடைக்கு ஜன்னலோரம் மாட்டச் சொன்னால் போதும் என்று, அம்மா தெரியாமல் போனதிலிருந்து முறம் தரைக்கு வந்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். மதுவந்தி முழுவதும் கேட்டாள். அவள் கண் நிறைந்தது. பழைய மாதிரியே பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் கை போட்டாள்.

"விஷமிக்காதே, வருத்தப்படாதே. துணி இப்போ என் கையில இல்லையாக்கும், ஆனா நான் அவாளுக்கு எழுதறேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "ஸ்வர்ணா, ஒரு காரியம் கேக்கட்டுமா? இந்த அம்மா விஷயத்தை நான் எழுதிக்கட்டுமா?" என்றாள்.

ஸ்வர்ணலதா எழுந்து வந்துவிட்டாள். மதுவந்தி சொன்னபடி கடிதம் எழுதத்தான் செய்தாள். சொன்னதைச் செய்யாதவள் என்று அவளைச் சொல்ல முடியாது. துணியை வாங்கிய பம்பாய்க்காரர்களிடமிருந்து பதில் வந்தது. துணி காற்றுப் புகாத கண்ணாடிக்குள், குளிரூட்டிய இருட்டறையில் இருக்கிறது, நிறம் ஒரு துளியும் குறையவில்லை, கவலைப்பட வேண்டாம் என்று அன்பாக எழுதியிருந்தார்கள். அடுத்த வருடம் மதுவந்தி வேறொரு ஊரில் ஒரு காலி நாற்காலியைக் காட்சிக்கு வைத்தாள். அதற்கும் நல்ல பெயர் கிடைத்தது என்று சொல்கிறார்கள்.

இரண்டு வாரம் வீட்டிலிருந்த மாயம்மாள், மூன்றாவது வாரம் வேலைக்குப் போனாள். கிட்டங்கி மேற்பார்வையாளர் பிச்சுமணி, வாசலில் ஒரு குரல் மாயம்மாள் என்று பெயர் சொல்லி உள்ளே போனதைக் கேட்டு, வேலைக்கு வராத ஆளுக்குக் குரல் மட்டும் வந்தால் எப்படிக் கூலி போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் மஞ்சள் விலை ஏறியிருந்தது, சரக்கு வந்து குவிந்திருந்தது. பெண்கள் சாக்கைக் கவிழ்த்தார்கள். தூசி எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்றது, பிறகு இறங்கியது. இறங்கிய இடத்தில் முதலில் ஒரு நெற்றி தெரிந்தது. பிறகு கன்னம், தோள், முட்டி மடக்கி உட்கார்ந்த உடம்பு. கொஞ்ச நேரத்தில் மாயம்மாள் முழுசாக, மஞ்சளாக, தன் இடத்தில் உட்கார்ந்து விரலியைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாயம்மா, பொட்டு வைக்க மறந்துட்ட" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"வச்சா யாருக்குத் தெரிஞ்சுச்சு" என்றாள் மாயம்மாள். கிட்டங்கி முழுக்கச் சிரித்தது. பிச்சுமணியும் சிரித்துவிட்டு, வந்த ஆள் வந்த ஆள்தான் என்று முடிவுசெய்தார்.

செய்தி கேட்ட அன்றே ஸ்வர்ணலதா கடைக்கு ஓடி, பூசுமஞ்சள் வாங்கி வந்து, குளிக்கிற இடத்தில் கிண்ணத்தில் கரைத்து வைத்தாள். மறுநாள் அது காய்ந்து வெடித்திருந்தது. மறுபடி கரைத்து வைத்தாள். அதுவும் காய்ந்தது. வெள்ளிக்கிழமை பூசிக் குளிக்கிற பழக்கத்தையும் மாயம்மாள் விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், வீட்டுக்காரர் வருகிறார் என்று, ஒரு விரலால் எடுத்து நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் பூசிக்கொள்வாள். ஸ்வர்ணலதா உள்ளே வருகிற காலடி கேட்டால் முந்தானையால் துடைத்துவிடுவாள். மற்றபடி சண்டை இல்லை. "சோறு இருக்கு", "மழ வருது, துணிய எடு" என்று தேவையானதெல்லாம் சொன்னாள். தட்டு நேரத்துக்கு வந்தது. மகள் காய்ச்சலில் கிடந்தபோது ஈரத்துணி நெற்றியில் விழுந்துகொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தால் துணி மட்டும் இருந்தது.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஸ்வர்ணலதா பள்ளுருத்தியில் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறாள். மக்கள் வரிசையாக வந்து வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். சாயங்காலம் சீக்கிரம் கிளம்பிவிட அனுமதி கேட்டுத்தான் அந்த வேலையில் சேர்ந்தாள். பஸ் பிடித்து மட்டாஞ்சேரிக்கு வந்து, கிட்டங்கிக்கு எதிரே உள்ள சாயாக்கடையில் நிற்பாள். கடைக்காரச் சேட்டன் கேட்காமலே ஒரு சாயா நீட்டுவார். கிட்டங்கிக் கதவு திறந்து பெண்கள் வருவார்கள். நடுவில் மாயம்மாள் வருவாள், இமை வரை மஞ்சளாக, யாரோடாவது ஏதாவது வம்பு பேசிக்கொண்டு. போன வருடம் முன்பல் ஒன்று விழுந்திருப்பதை ஸ்வர்ணலதா அப்படித்தான் தெரிந்துகொண்டாள். மாயம்மாளும் அவளைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, பேச்சைத் தொடர்ந்தபடியே கடந்து போவாள். ஸ்வர்ணலதா டம்ளரை வைத்துவிட்டுக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் நடப்பாள். போன் பையிலேயே இருக்கும்.

வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் துணி சோப்பும் வைத்திருக்கிறாள் மாயம்மாள். உள்ளே நுழையும் முன் அங்கேயே உட்கார்ந்து முதலில் கைகளைக் கழுவுவாள், கைகள் போகும். பிறகு கழுத்து. கடைசியாக முகத்துக்கு வருவாள். சோப்பு நுரையில் முகம் ஒருகணம் செக்கச்சிவந்து, அந்தப் பெரிய துணியில் இருந்தது போலவே இருந்து, போய்விடும். சோப்பு பட்ட மஞ்சள் தண்ணீர் சிவப்பாக இறங்கிச் சந்தின் நடுவே ஓடும். அந்த நேரத்தில் வருகிறவர்கள், சைக்கிளில் வந்தாலும் இறங்கி, அதை மிதிக்காமல் தாண்டிப் போவார்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்குக் கற்பகம் சொல்லிவிடுவாள். கதவு திறந்து மூடும். ஸ்வர்ணலதா சந்தின் முனையில் நின்று, தண்ணீர் சாக்கடையில் இறங்கி முடிகிறவரை காத்திருந்து, பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாக வீட்டுக்குப் போவாள்.